ஒரு சொல், பல பொருள்: 'டிஸ்சார்ஜ்'



தஞ்சோங் ரம்புத்தானில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஈப்போ பஸ் நிலையத்தில் யாராவது "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, நாம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், கேட்டவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். கொஞ்சம் துணிந்தவராக இருந்தால், "அப்படியா! எப்போ டிஸ்சார்ஜ் ஆனீங்க?" என்று கேட்டும் விடுவார். இந்த வேடிக்கையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இது நம் ஊருக்கு மட்டும் வந்த வினை அல்ல. சென்னையில் கீழ்ப்பாக்கம், இலங்கையில் அங்கொடை, ஜோகூரில் தம்போய் என்று பைத்தியக்கார ஆஸ்பத்திரி எங்கெங்கே கட்டப்பட்டதோ, அந்தந்த ஊர்ப் பெயரெல்லாம் கேலிச் சொல்லாகிவிட்டது.

கேலி கிடக்கட்டும். அந்தக் கேலியில் வருகிறதே 'டிஸ்சார்ஜ்' என்ற சொல், அதைத்தான் இம்முறை எடுத்துக் கொண்டிருக்கிறேன். தோட்டத்திலும் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் பேங்கிலும் நம் காதில் விழுகிற சொல் இது. எல்லா இடத்திலும் ஒரே பொருள் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நம்மில் பலர்.

1998-ல் நடந்தது ஒன்று சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் தாமானில் இரண்டு வரிசை தள்ளிக் குடியிருக்கும் ஓர் அம்மா, படிவம் 2 படிக்கும் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். செம்மோர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கையில் ஒரு கடிதம்.

"சார், என் தம்பியை அங்கேயும் டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களாம். என்ன தப்புப் பண்ணினான்னு கேட்டு எழுதணும். மன்னிப்புக் கேட்டு எழுதினா திரும்பச் சேர்த்துக்குவாங்களா?"

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மலாயில் இருந்தது. தம்பி பல வருஷமாக நம் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தவர். இப்போது குணப்பட்டிருக்கிறார், வீட்டுக்கு அழைத்துப் போகலாம், குடும்பத்தார் யாராவது வந்து பேசவும் என்று எழுதியிருந்தார்கள். மலாய்க் கடிதத்திலும் 'டிஸ்சாஜ்' என்றே ஆங்கிலச் சொல்லை மலாய் எழுத்துக்கூட்டலில் போட்டிருந்தார்கள். பையன் அந்த ஒரு சொல்லை மட்டும் உரக்கப் படித்திருக்கிறான். பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார்.

ஏன் அழுதார் என்று கேட்டால், காரணம் அந்த வீட்டு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. பிறந்த சூராவோடு ஒன்றாக மடித்து வைத்திருந்த இன்னொரு கடிதம். தோட்டம் கைமாறியபோது அவருடைய கணவருக்குக் கொடுத்தது. அதில் இருந்ததும் இதே டிஸ்சார்ஜ்தான். அந்தக் காகிதம் வந்த மறு மாதம் செக்ரோலில் பேர் வெட்டினார்கள்; அதற்கடுத்து லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு அவர் கண்ட பொருள் அது ஒன்றே. 'வீட்டுக்குப் போகலாம்' என்று ஒருவர் எழுத, 'வெளியே போ' என்று இன்னொருவர் படித்துவிட்டார்.

இரண்டும் ஒரே சொல்லில் எப்படி அடங்கின? அதற்கு வேரைக் கொஞ்சம் தோண்ட வேண்டும். 'சார்ஜ்' என்றால் முதலில் சுமை. லத்தீனில் வண்டிக்கு உரிய சொல்லிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முன்னால் 'டிஸ்' சேர்த்தால் ஏற்றியதை இறக்குவது. ஆக, டிஸ்சார்ஜ் என்பதற்கு நேர்த் தமிழ் 'இறக்கு' என்பதுதான். மதராசிலிருந்து வந்த ரஜூலா கப்பல், 1973-ல் அது ஓட்டத்தை நிறுத்தும் வரை, பினாங்கில் நின்று சரக்கு இறக்கியதே, அதுவும் டிஸ்சார்ஜ். துப்பாக்கிக்குள் அடைத்த தோட்டா வெளியேறினால் அதுவும் டிஸ்சார்ஜ். கைப்பேசியைப் பார்த்து நம் பிள்ளைகள் "சார்ஜ் இறங்கிடுச்சு" என்கிறார்களே, பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அகராதிக்காரன் சொல்லும் பொருளை அப்படியே தமிழில் பிடித்துவிட்டார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

சுமையை இறக்குவது என்று தெரிந்துவிட்டால் அடுத்து ஒரு கேள்வி கேட்கலாம். இறக்குவது யார், எந்தச் சுமையை, யார் தலையில்? இந்தச் சொல் எங்கே வந்தாலும் இதைக் கேட்டுப் பாருங்கள், பொருள் தானே விளங்கும்.

தோட்டத்தை எடுத்துக் கொள்வோம். அந்தக் காலத்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. இந்தக் கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள், அந்தப் பணத்தைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. வேறு தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்வார். கடன் மட்டும் ஆட்களின் தலையிலேயே இருக்கும். ஒரு தோட்டத்தில் இறங்கி இன்னொரு தோட்டத்தில் ஏறும். 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது அதற்கு முன்பே, 1910-ல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு தொழிலாளி நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம், நிர்வாகமும் நோட்டீஸ் கொடுத்து விலக்கலாம் என்ற நிலை வந்தது.

இன்றைக்கும் அந்த நோட்டீஸ்தான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறதென்றால், ஒப்பந்தத்தில் வேறு கணக்கு எழுதியிராவிட்டால், 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 வருஷத்துக்குள் என்றால் 6 வாரம், 5 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம் நோட்டீஸ். ஆள் குறைப்பு, தோட்டம் மூடுவது போன்ற காரணத்தால் அனுப்பினால் நோட்டீஸ் மட்டும் போதாது. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி பணமும் கொடுக்க வேண்டும். 5 வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். 12 வருஷம் பால்மரம் வெட்டியவருக்கு 240 நாள் சம்பளம் என்று விரல்விட்டு எண்ணிக் கொள்ளலாம். 2 முதல் 5 வருஷம் வரை 15 நாள், அதற்கும் குறைந்தவருக்கு 10 நாள். ஒரு வருஷமாவது வேலை செய்திருக்க வேண்டும்.

இங்கேதான் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'டிஸ்சார்ஜ்' வேறு, 'டிஸ்மிஸ்' வேறு. ஒழுங்குக் குற்றம் செய்தார் என்று முறையாக விசாரித்து டிஸ்மிஸ் செய்தால் மேலே சொன்ன பணம் கிடைக்காது. 'நானாகவே விலகிக் கொள்கிறேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாலும் கிடைக்காது. தோட்டம் விற்கப்படுகிற நேரத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினால், அது டிஸ்சார்ஜா, டிஸ்மிஸா, ராஜினாமாவா என்று தெரியாமல் பேனாவைத் தொடாதீர்கள். கிராணி அவசரப்படுத்தினால் படுத்தட்டும். நியாயமில்லாமல் டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள் என்று முறையிடுவதற்கு 60 நாள்தான் தவணை என்பதும் நினைவிருக்கட்டும். தீபாவளி முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று இருந்துவிட்டால் 60 நாள் ஓடிவிடும்.

கோர்ட்டில் இந்தச் சொல் இன்னும் ஏமாற்றும். பையனை 'டிஸ்சார்ஜ்' பண்ணிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கோழி அடித்து விருந்து வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். மலாயில் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், 'டிலெபாஸ்கான்', 'டிபெபாஸ்கான்' என்று. முதலாவது, இப்போதைக்குப் போகலாம் என்பது. பின்னால் அதே குற்றத்துக்குத் திரும்ப இழுக்க முடியும். இரண்டாவது சேர்ந்திருந்தால்தான் குற்றவாளி அல்ல என்று முழு விடுதலை. விருந்துக்கு முன்னால் இரண்டாவது சொல்லும் இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்டுக் கொள்வது நல்லது.

பேங்க் விஷயத்தில் நேர் எதிர். அங்கே டிஸ்சார்ஜ் வந்தால்தான் நிம்மதி, ஆனால் அது தானாக வராது. வீட்டுக் கடனுக்காகப் பட்டாவின் மேல் ஏற்றிய பாரத்துக்கு 'சார்ஜ்' என்றே பெயர். இருபது இருபத்தைந்து வருஷம் மாதத் தவணை கட்டி முடித்ததும் பாரம் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். கடன் இறங்கியது சரி, பட்டாவில் எழுதிய எழுத்து அப்படியே இருக்கிறது. 16 என் என்ற பாரத்தில் பேங்க் கையெழுத்திட்டு, அதை நில அலுவலகத்தில் பதிந்தால்தான் வீடு முழுக்க உங்களுடையது. அதைச் செய்யாமல் வீட்டுக்காரர் கண்ணை மூடிவிட்டால் பிள்ளைகள்தான் வக்கீல் ஆபீசுக்கு நடக்க வேண்டும். கடைசித் தவணை கட்டிய ரசீதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த வாரமே எழுந்து போய் விசாரியுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். அங்கே இந்தச் சொல்லுக்கே மூன்று பொருள். புண்ணிலிருந்தோ காதிலிருந்தோ சீழ், நீர் கசிந்தால் அதுவும் டிஸ்சார்ஜ். பெண்களுக்கு வெள்ளைப்படுவதையும் டாக்டர்கள் இப்படித்தான் கேட்பார்கள். கிளினிக்கில் ஒருமுறை, "டிஸ்சாஜ் இருக்கிறதா?" என்று நர்ஸ் மலாயில் கேட்க, எனக்கு முன்னால் நின்ற பெண், "நேற்றே ஆயிடுச்சு" என்று பதில் சொன்னார். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு வந்ததைச் சொல்கிறார், பாவம். நர்ஸ் சரி என்று எழுதிக் கொண்டார். இப்படிக் கேட்டால், "கசிவைக் கேட்கிறீர்களா, வீட்டுக்குப் போனதைக் கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்று, டாக்டர் போகச் சொல்லாதபோது நாமே பிடிவாதமாக வெளியேறுவது. 'என் சொந்தப் பொறுப்பில்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். சுமையை இறக்குபவர் டாக்டர், ஏற்றுக் கொள்பவர் நீங்கள். வார்டில் சாப்பாடு பிடிக்கவில்லை, பிள்ளைக்கு நாளை பரீட்சை என்பதற்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, டாக்டரே பார்த்து வீட்டுக்கு அனுப்புவது. அந்த அம்மாவின் கதையை அங்கேதான் விட்டேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரி 1911-ல் வந்தது. அப்போது அதன் பெயரிலேயே பைத்தியம் என்ற பொருள் படும் ஆங்கிலச் சொல் இருந்தது. பிறகு சென்ட்ரல் மெண்டல் ஹாஸ்பிட்டல் ஆயிற்று. 1971-ல் 'பஹாகியா' என்று பெயர் சூட்டினார்கள். மலாயில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். 500 ஏக்கருக்கு மேல் பரப்பு. ஒரு காலத்தில் உள்ளே நாலாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். தோட்டம் போடுவது, தையல் என்று உள்ளேயே வேலையும் உண்டு. அந்தக் காலத்தில் இதுபோன்ற ஆஸ்பத்திரிக்குள் போனவர் திரும்புவது அபூர்வம். 1950-களில் குளோர்புரோமசின் என்ற மருந்து உலகமெங்கும் பரவிய பிறகுதான், வெறியும் பிரமையும் அடங்கி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டு வாழலாம் என்ற நிலை வந்தது. 1952-ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக 2001-ல் இயற்றி 2010-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டமும், ஆஸ்பத்திரிக்கு வெளியே சமூகத்துக்குள் வைத்துப் பார்ப்பதற்கு இடம் கொடுக்கிறது.

டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிடலாம். வாசலில் வந்து நிற்க ஆள் வேண்டுமே?

அந்த அம்மாவிடம் விஷயத்தை விளக்கினேன். "உங்க தம்பி ஒரு தப்பும் பண்ணலம்மா. குணமாயிட்டார். கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க" என்றேன். கண்ணைத் துடைத்துக் கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை. பேரனைக் கடைக்கு அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தப்புப் பண்ணியிருந்தா மன்னிப்புக் கேட்டுக்கலாம் சார். இதுக்கு என்ன பண்றது?"

இரண்டு அறை வீடு. மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள். மருமகள் வீட்டாருக்கு இப்படி ஒரு தாய்மாமன் இருப்பதே தெரியாது. மகனைக் கேட்டதற்கு, "அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன பேசுவாங்க?" என்றாராம். எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னாலே சிரிக்கிறார்கள் என்று தொடக்கத்தில் எழுதினேனே, அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் பயந்தார்.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் அம்மாவே, "பார்த்துட்டாவது வரலாம், வாங்க சார்" என்றார். போனோம். தம்பி சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, தலை சீவி, பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கேட்ட முதல் கேள்வி, "நம்ம லயம் இருக்கா அக்கா?" லயம் இல்லை, இடித்து வீடு கட்டிவிட்டார்கள் என்று அம்மா சொன்னார். "அப்ப பெரட்டு எங்க நடக்குது?" என்றார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

பாரத்தில் 'வாரிஸ்' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அம்மா தயங்கினார். "அவன் எனக்கு வாரிசு இல்லையே, தம்பிதானே?" என்று என் காதில் கேட்டார். மலாய்க்காரர்களின் வாரிஸும் நம்முடைய வாரிசும் அரபியிலிருந்து வந்த ஒரே சொல்தான். ஆனால் பாரத்தில் கேட்பது சொத்துக்கு வாரிசு அல்ல, கூப்பிட்டால் வரக்கூடிய சொந்தம் யார் என்பதுதான். சொன்னதும் போட்டுவிட்டார்.

அன்றைக்குக் கையில் கொடுத்த காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எந்த ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். டிஸ்சார்ஜ் நோட் ஒன்று இருக்கும். என்ன நோய், என்ன மருந்து என்று அதில்தான் எழுதியிருக்கும், தொலைக்கக் கூடாது. மறுபடி வர வேண்டிய தேதி போட்ட அட்டை ஒன்று. மருந்து எத்தனை நாளைக்கு, தீர்ந்தால் எங்கே வாங்குவது என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். முக்கியமாக, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று தானாக நிறுத்தக் கூடாது. நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான். பாதியில் நிறுத்தித் திரும்பவும் வார்டுக்குப் போனவர்கள் அநேகம். எலும்பு முறிந்தவருக்கு டிஸ்சார்ஜ் என்றால் பெரும்பாலும் வைத்தியம் முடிகிற கட்டம். இவர்களுக்கு அப்படி இல்லை. வார்டில் நர்ஸ் பார்த்துக்கொண்டதை இனி வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும் என்று பொருள்.

அந்த வீட்டிலும் முதல் மாதம் சிரமமாகத்தான் இருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு வாசலில் போய் நிற்பார். மருமகளுக்குப் பயம். பிறகு அந்த நேரத்துக்குப் பேரனுக்குத் தேநீர் கலக்கச் சொல்லிக் கொடுத்தார் அம்மா. தேநீர் கலந்து கொடுத்துவிட்டு, பையனைப் பள்ளி பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுபோய் விடுவது அவர் வேலையாயிற்று. பஸ் வந்ததும் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்ப்பாராம், பழைய மண்டோர் மாதிரி.

ஆஸ்பத்திரி அட்டையை அந்த பிஸ்கட் டின்னில்தான் வைத்தார்கள், கணவரின் பழைய கடிதத்துக்கு மேலே. தேதி வந்தால் தம்பியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒருநாள் பஸ்ஸில் யாரோ "எங்கே அண்ணே, தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டதற்கு, "ஆமாம் தம்பி, பத்து மணிக்கு அப்பாயிண்ட்மெண்ட்" என்று பதில் சொல்லியிருக்கிறார். கேட்டவர் அதற்கு மேல் பேசவில்லையாம்.

அடுத்த இதழில் 'நோட்டீஸ்' என்ற சொல்லைப் பார்ப்போம். உங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தில் பொருள் விளங்காத சொல் ஏதேனும் இருந்தால் அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். கடிதத்தை அனுப்ப வேண்டாம், பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.